வாசகர் கேள்விகள்: ‘பசியாறியாச்சா?’

சென்ற இதழில், வேறொரு கேள்விக்கு விடை எழுதும்போது, செட்டிநாட்டில் காலை உணவுக்குப் ‘பசியாற’ என்றே பெயர் வழங்குகிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு கடிதங்கள் வந்துவிட்டன. அவற்றுள் சிலவற்றுக்கு இம்முறை விடை தருகிறேன்.

வாசகி ஒருவர், தேவகோட்டை: கோயம்புத்தூரிலிருந்து மணமாகி இங்கே வந்து ஓராண்டு ஆகிறது. என் மாமியார் காலையில் ‘பசியாறியாச்சா?’ என்று கேட்கிறார், மதியத்தில் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்கிறார். பசி மதியமும் ஆறத்தானே செய்கிறது? வந்த புதிதில், ‘எனக்கு இன்னும் பசியே எடுக்கவில்லை, அத்தை’ என்று பதில் சொன்னேன். வீட்டிலிருந்த அனைவரும் சிரித்துவிட்டார்கள். காலைக்கு மட்டும் ஏன் இந்தச் சொல்?

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம், அம்மா. பசி என்பதும் ஆறு என்பதும் சேரும்போது, இகரத்தை அடுத்து யகரம் உடம்படுமெய்யாக வந்து ‘பசியாறு’ ஆகிறது. இங்கே வரும் ‘ஆறு’ எண்ணும் அன்று, நதியும் அன்று. அது ஒரு வினைச்சொல். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பால் ஆறுகிறது. புண் ஆறுகிறது. வெயிலில் நடந்து வந்தவர் திண்ணையில் சற்று உட்கார்ந்து இளைப்பாறுகிறார். துக்க வீட்டுக்குச் சென்று நாம் சொல்லிவிட்டு வருவது ஆறுதல். ஆத்திசூடியில் பிள்ளைகள் படிக்கும் இரண்டாவது வரியே ‘ஆறுவது சினம்’ என்பதுதான். இத்தனை இடங்களிலும் கருத்து ஒன்றே: கொதித்து நின்ற ஒன்று, மெல்ல மெல்லத் தணிந்து, தன் இயல்பான நிலைக்குத் திரும்புகிறது.

அப்படியென்றால் பசியும் ஒரு கொதிப்பாக இருந்தாக வேண்டும். தமிழில் அது அப்படித்தான் இருக்கிறது. உணவில்லாதவனுக்கு ‘வயிறு காய்கிறது’ என்கிறோம். வறுமையில் நாள்களைக் கடத்துவதை ‘வயிற்றில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு கிடப்பது’ என்கிறோம். தீ இருந்தால்தானே ஈரத்துணி வேண்டும்? மணிமேகலையில் காயசண்டிகை என்பவளுக்கு எவ்வளவு உண்டாலும் அடங்காத பெரும்பசி ஒன்று சாபத்தால் வருகிறது. அந்த நோய்க்குக் காவியம் தரும் பெயர் யானைத்தீ. அமுதசுரபியிலிருந்து மணிமேகலை இட்ட உணவு அந்தத் தீயைத் தணிக்கிறது. வடலூரில் வள்ளலார் 1867ஆம் ஆண்டு தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிந்துகொண்டிருப்பதை நேரில் பார்த்தபோது, வயிற்றுத் தீயை ஆற்றுவதற்காக ஓர் அடுப்புத் தீயை இத்தனை காலம் காத்துவருகிறார்களே என்று எனக்குக் கண் கலங்கியது.

இந்தச் சொல்லின் நுட்பம் இன்னோர் இடத்திலும் இருக்கிறது. பசியைத் தீர்க்கலாம், போக்கலாம், நீக்கலாம் என்றெல்லாம் சொல்ல முடியும். ‘அற்றார் அழிபசி தீர்த்தல்’ என்று திருக்குறளே சொல்கிறது. ஆனால் ‘தீர்தல்’ என்றால் ஒன்று முடிந்துபோவது. ‘ஆறுதல்’ அப்படியன்று. ஆறிய பால் மறுபடி சூடேறும். ஆறிய சினம் மறுபடி மூளும். நாள்தோறும் அடங்கி நாள்தோறும் மூளுகிற பசிக்கு ‘ஆறு’ என்ற வினையே மிகப் பொருந்துகிறது என்பது என் துணிபு. (இதற்குச் சான்றாக ‘ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல்’ என்ற குறளைக் காட்டலாமே என்று சிலருக்குத் தோன்றக்கூடும். அது இங்கே பொருந்தாது. அக்குறளில் ‘பசி ஆற்றல்’ என்பது தவம் செய்வோர் பசியைப் பொறுத்துக்கொள்வதைக் குறிக்கிறது. உண்டு தணிவதை அன்று.)

இனி, காலைக்கு மட்டும் ஏன் என்ற உங்கள் கேள்வி. நம் பக்கத்தில் ‘சாப்பாடு’ என்றால் சோறு. சோறும் குழம்பும் இலையில் விழுந்தால்தான் அது சாப்பாடு. பத்து இட்லி தின்றவரும் ‘இன்னும் சாப்பிடவில்லை’ என்றுதான் சொல்வார். ஆகவே சோறல்லாத முதல் வேளைக்குத் தனியாக ஒரு சொல் வேண்டியிருந்தது. அந்தச் சொல்லை இன்ன பண்டம் என்று பண்டத்தைக் கொண்டு அமைக்காமல், உண்பவரின் வயிற்றைக் கொண்டு அமைத்திருக்கிறார்கள். வெள்ளைப் பணியாரமும் மிளகாய்த் துவையலும் என்றாலும், இடியாப்பம் என்றாலும், முதல் நாள் பழையது என்றாலும், கேள்வி ஒன்றுதான். கேட்பவர் உங்கள் தட்டில் என்ன இருந்தது என்று கேட்கவில்லை. இரவெல்லாம் எரிந்த வயிறு தணிந்ததா என்றுதான் கேட்கிறார். வசதி உள்ளவரையும் இல்லாதவரையும் ஒரே சொல்லால், ஒருவருக்கும் கூச்சம் உண்டாகாதபடி, கேட்க முடிகிறது.

என் ஆயா, அதாவது பாட்டி, வீட்டில் இதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். காலை ஏழு மணிக்கு மேல் முகப்பைத் தாண்டி வளவுக்குள் யார் வந்து நின்றாலும், தபால் கொண்டு வந்தவர் ஆகட்டும், ஓடு மாற்ற வந்த கொத்தனார் ஆகட்டும், சென்னையிலிருந்து இரவு வண்டியில் வந்து இறங்கிய உறவினர் ஆகட்டும், ஆயா வாயிலிருந்து வரும் முதல் சொல் ‘பசியாறிட்டீகளா?’ என்பதுதான். வந்த காரியம் என்ன என்பது அதற்கு அடுத்த கேள்வி. ‘ஆச்சு’ என்று ஒருவர் சொன்னாலும், அந்தச் சொல் வந்த குரலைக் கேட்டே அது உண்மையா, மரியாதைக்குச் சொன்னதா என்று ஆயா கண்டுபிடித்துவிடுவார்.

நீங்கள் சொன்ன பதிலில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை, அம்மா. சொற்பொருளைப் பார்த்தால் அது சரியான பதில்தான். ஆனால் செட்டிநாட்டு வழக்கில் இச்சொல் ஒரு வேளையின் பெயராக உறைந்துவிட்டது. ‘இன்னிக்குப் பசியாற என்ன?’ என்று கேட்கும்போது ‘பசியாற’ என்னும் எச்சமே பெயர்ச்சொல் போல நிற்கிறது. எனவே பசிக்காமலேயே பசியாறவும் முடியும். பசித்துக்கொண்டே, இன்னும் பசியாறாமல் இருக்கவும் முடியும். சிரித்தவர்கள் உங்களைப் பார்த்துச் சிரித்திருக்க மாட்டார்கள். தினமும் புழங்கி மறந்துபோயிருந்த ஒரு சொல்லின் உட்பொருள் திடீரென்று வெளியே எட்டிப் பார்த்ததைக் கண்டு சிரித்திருப்பார்கள்.

கல்லூரி மாணவர் ஒருவர், காரைக்குடி: ஆங்கிலத்தில் ‘பிரேக்ஃபாஸ்ட்’ என்ற சொல்லுக்கு ‘நோன்பை முறித்தல்’ என்று பொருள் என வகுப்பில் சொன்னார்கள். ‘பசியாறுதல்’ என்பது அதன் மொழிபெயர்ப்பாக வந்திருக்குமா, ஐயா?

இல்லை, தம்பி. இரண்டும் பார்க்கும் திசையே வேறு.

ஆங்கிலச் சொல்லின் கதையைச் சொல்கிறேன். பழைய ஆங்கிலத்தில் காலை உணவுக்கு ‘மோர்கன்மெட்டே’ என்று பெயர். காலை என்பதும் உணவு என்பதும் சேர்ந்த, நம் ‘காலை உணவு’ போன்ற நேரான சொல். ‘பிரேக்ஃபாஸ்ட்’ 15ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் தலைகாட்டுகிறது. இடைக்கால ஐரோப்பாவில் திருப்பலியில் நற்கருணை பெறும்வரை ஒன்றும் உண்ணாதிருப்பது கிறித்தவ ஒழுக்கம்; பகலில் உண்பதே நாளின் முதல் பெரிய உணவாக இருந்தது; விடிந்தவுடன் உண்பது உடலுழைப்பாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் நோயாளிகளுக்கும் உரியதாகக் கருதப்பட்டது. இரவு முழுவதும் உண்ணாமல் இருந்ததையே ஒரு நோன்பாக எண்ணி, அதை முறிக்கும் உணவு என்று அந்தப் பெயர் எழுந்தது.

இதைவிட வியப்பானது ‘டின்னர்’ என்ற சொல்லின் வரலாறு. இலத்தீனில் நோன்பை விடுதல் என்னும் பொருளுடைய ஒரு வினை பழைய பிரெஞ்சுக்குள் வந்து இரண்டாகக் கிளைத்தது. ஒரு கிளை ஆங்கிலத்தில் ‘டின்னர்’ ஆயிற்று. மற்றொரு கிளை பிரெஞ்சில் ‘தெஜ்னே’ ஆயிற்று. அதாவது ‘டின்னர்’ என்பதும் பிறப்பால் காலை உணவுதான். வேளைகள் நகர நகர அது பகலுக்குப் போய், பிறகு இரவுக்கும் போய்விட்டது. பிரான்சில் ‘தெஜ்னே’ இப்போது மதிய உணவு. காலை உணவுக்கு, ‘சிறிய’ என்னும் அடைமொழி சேர்த்துப் ‘பெத்தி தெஜ்னே’ என்கிறார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் பிரெஞ்சு படித்த பெரியவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

நோன்பிலிருந்து உணவுக்குப் பெயர் பிறப்பது ஐரோப்பாவில் மட்டும் நிகழ்ந்ததன்று. ‘நாஷ்டா’ என்ற சொல் நம் ஊர்களிலும் வழங்குகிறது. பாரசீகத்திலிருந்து உருது வழியாக வந்த அச்சொல், பாரசீகத்தில் விடிந்ததிலிருந்து ஒன்றும் உண்ணாத, வெறும் வயிற்றோடு இருக்கும் நிலையைக் குறித்தது. அந்த நிலையின் பெயரே பின்பு அதை மாற்றும் உணவுக்கு வந்து சேர்ந்தது. நம்முடைய ‘பலகாரம்’ இன்னும் நெருக்கமானது. வடமொழியில் ‘பல ஆகாரம்’ என்றால் பழ உணவு. விரத நாள்களில் சோற்றை விலக்கிப் பழம் முதலியவற்றை உண்பதற்கு ஏற்பட்ட சொல் அது. சோறு கூடாது என்ற விதி நின்றது. ஆனால் பழத்தின் இடத்தை நாளடைவில் இட்லியும் தோசையும் பிடித்துக்கொண்டன. அமாவாசை இரவில் ‘இன்றைக்குப் பலகாரம்தான்’ என்று இன்றும் சில வீடுகளில் சொல்வதைக் கேட்கலாம். செட்டிநாட்டுத் திருமண வீட்டில் பகல் உணவுக்கும் இரவு உணவுக்கும் நடுவே தருவதை ‘இடைப்பலகாரம்’ என்கிறோம். விரதத்துக்குப் பிறந்த சொல் விருந்துக்கு வந்து சேர்ந்துவிட்டது.

ஆங்கிலச் சொல்லுக்கு நேர் நிகராக ஒரு சொல்லைத் தமிழில் தேடினால், அது ‘பாரணை’. ஏகாதசி முழுவதும் உண்ணாதிருந்தவர், மறுநாள் துவாதசிக் காலையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்து உண்டு விரதத்தை முடிப்பது பாரணை. இசுலாமியத் தமிழர் ரமலான் மாதத்தில் அந்தி வேளையில் செய்வது ‘நோன்பு திறத்தல்’. இவை இரண்டும் உண்மையாகவே நோன்பை முடிக்கும் சொற்கள். இரண்டும் அன்றாடக் காலை உணவுக்குப் பெயராகவில்லை. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய ஊர்களின் முசுலிம் வீடுகளிலும் காலை உணவுக்குப் ‘பசியாறுதல்’ என்றே சொல்கிறார்கள் என்பதை இங்கே சேர்த்து எண்ணிப்பாருங்கள். நோன்பு நோன்பாகவே இருக்கிறது. பசி பசியாகவே இருக்கிறது. இரவு தூங்கியதை யாரும் விரதம் என்று கணக்கில் எழுதவில்லை.

ஆசிரியை ஒருவர், காளையார்கோவில்: பழந்தமிழர் காலையில் என்ன உண்டார்கள்? ‘காலை’ என்ற சொல்லே பழையதுதானா?

சொல் பழையது, ஆனால் பொருள் ஒன்று அன்று. தொல்காப்பியத்தில் ‘சொல்லுங் காலை’, ‘நினையுங் காலை’ என்று அடிக்கடி வருகிறது. அங்கே ‘காலை’ என்றால் பொழுது, சமயம் என்று பொருள். விடியும் நேரத்துக்கு அந்நூல் தரும் பெயர்கள் வைகறையும் விடியலும். திருக்குறளுக்கு வரும்போது, ‘காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்’ என்று, நாம் இன்று சொல்லும் அதே காலை நமக்குக் கிடைத்துவிடுகிறது.

உணவைப் பொறுத்தவரை, பெரும்பாணாற்றுப்படையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. உழைத்து உரமேறிய கைகளையுடைய தொழிலாளரின் செல்லப் பிள்ளைகள், பழஞ்சோற்றுத் திரளை வெறுத்து, குடிசை முற்றத்தில் அவல் இடிக்கிறார்கள் என்று அது சொல்கிறது. ‘தினமும் இதுதானா?’ என்று இன்று பிள்ளைகள் முகம் சுளிப்பதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை இருக்கிறது. வேளாண் குடும்பங்களில் அண்மைக்காலம் வரை பழையதும் நீராகாரமும்தாம் காலை உணவு. ‘நீராகாரம்’ என்ற சொல்லில் நீர் தமிழ், ஆகாரம் வடமொழி. சோற்றில் ஊற்றிய நீர் இரவெல்லாம் ஊறிப் புளிப்பேறியிருக்கும். அதை வடித்து, உப்பிட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு வயலுக்குப் போவார்கள். இட்லியும் தோசையும் அந்த வீடுகளுக்குத் தீபாவளிப் பண்டங்களாகவே இருந்தன.

பெரியவர் ஒருவர், கானாடுகாத்தான்: எல்லோரும் ‘டிபன்’ என்கிறார்கள். இது எந்த மொழிச் சொல்?

ஆங்கிலச் சொல்தான், ஐயா. ஆனால் இங்கிலாந்தில் மறந்துபோன ஆங்கிலம். வேளையல்லாத வேளையில் சிறிது உண்பதையோ குடிப்பதையோ குறித்த ஒரு கொச்சை வழக்கிலிருந்து பிறந்தது என்று, 1886இல் வெளிவந்த யூல், பர்னெல் ஆகிய இருவரின் ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதி கூறுகிறது. அந்தப் பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். வெள்ளைக்காரர் வீடுகளில் அச்சொல் பகல் உணவைக் குறித்தது. மும்பையில் இன்றும் ‘டிபன்’ என்றால் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லும் மதிய உணவு. தமிழ்நாட்டில் அது சோறல்லாத உணவு என்று பொருள் மாறி, காலைக்கும் மாலைக்கும் பொதுவாகிவிட்டது. நம் நாவில் ஊறிவிட்ட சொல் என்பதால் அதன்மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் ‘டிபன் ஆச்சா?’ என்று கேட்கும்போது தட்டைப் பற்றித்தான் கேட்கிறோம்.

வாசகர் ஒருவர், ஈப்போ, மலேசியா: இங்கே நாங்கள் காலை உணவைப் ‘பசியாறல்’ என்றே எழுதுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து வரும் விருந்தினர் பலருக்கு இது புதிதாகத் தோன்றுகிறது. செட்டிநாட்டில் அதே சொல் இருப்பதைப் படித்து மகிழ்ந்தேன். இது எங்களுக்கு அங்கிருந்து வந்ததா?

உங்கள் கடிதம் எனக்கும் மகிழ்ச்சி தந்தது. செட்டிநாட்டு வணிகச் சமூகத்தாரான நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் இலங்கை, பர்மா, பினாங்கு, சிங்கப்பூர் என்று கடல் கடந்து தொழில் செய்தவர்கள். சிங்கப்பூரில் அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் 1859ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சென்ற இடங்களில் கிட்டங்கி எனப்படும் நீண்ட கட்டடங்களில் பல கடைக்காரர்கள் ஒன்றாகத் தங்கி, பெட்டியடியில் அமர்ந்து கணக்கெழுதி, ஒரே சமையலில் உண்டார்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு மூன்றாண்டுக் கணக்கில் அங்கே இருந்தவர்களுக்கு, காலையில் ஒருவர் மற்றவரைப் ‘பசியாறியாச்சா?’ என்று கேட்பது வீட்டின் குரலாகவே ஒலித்திருக்கும்.

ஆயினும் இந்தச் சொல்லை ஒரு சமூகத்துக்கு மட்டும் உரியதாக எழுதிவைப்பது நேர்மையாகாது. இராமநாதபுரம் சீமையிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வணிகத்துக்காகவும் தோட்டவேலைக்காகவும் கப்பலேறியவர்கள் பலர். கரையோர முசுலிம் வணிகரின் பேச்சிலும் இது உண்டு என்று மேலே சொன்னேன். அவர்கள் அனைவரும் சேர்ந்து சுமந்துவந்த சொல் என்பதே பொருத்தம். தமிழ்நாட்டின் மற்றப் பகுதிகளில் ‘டிபன்’ பரவி அதை ஓரத்துக்குத் தள்ளியபோது, நீங்கள் அதைச் செய்தித்தாளிலும் பள்ளியிலும் எழுதும் அளவுக்குப் பொதுச்சொல்லாக வளர்த்திருக்கிறீர்கள். விருந்தினருக்குப் புதிதாகத் தோன்றினால் தயவுசெய்து மாற்றிக்கொள்ளாதீர்கள். அவர்களுக்குப் பொருளைச் சொல்லிக் கொடுங்கள்.

மணமகளின் தந்தை ஒருவர், பள்ளத்தூர்: மகள் திருமண அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது. ‘காலைச் சிற்றுண்டி’, ‘காலை உணவு’, ‘காலைப் பசியாற’ ஆகியவற்றில் எதை அச்சிடுவது?

வாழ்த்துகள், ஐயா. ‘சிற்றுண்டி’ என்றால் சிறிய உணவு. இட்லியும் வெள்ளைப் பணியாரமும் கந்தரப்பமும், பர்மாவிலிருந்து வந்து நம் விருந்துகளில் நிலைத்துவிட்ட கவுனி அரிசியும் வரிசையாக இலையில் விழப்போகிற கல்யாண வீட்டில் அந்தச் சொல் பொய்யாகிவிடும். ‘காலை உணவு’ எல்லோருக்கும் விளங்கும் நல்ல சொல். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கெனத் தொடங்கிய திட்டத்துக்கும் அதையே பெயராக வைத்தார்கள். ஆனால் உங்கள் வீட்டில் பேசும் சொல் ‘பசியாற’ என்றால் அதையே அச்சிடுங்கள். ‘காலை 7.30 மணிக்குப் பசியாற’ என்று போதும். அடைப்புக்குறிக்குள் வேறு விளக்கம் வேண்டாம். ‘காலைப்’ என்று முன்னே சேர்த்தால் பகரம் மிகும். அச்சகத்தில் அதை விட்டுவிடாமல் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.